மூன்றாவது வரிசைக்கு யாரும் கவர் மாற்றுவதில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, நம் தையல் மெஷின் மூவரும் நலம், மூவரில் அதிகம் முனகுவது உன் அப்பாதான். நீயும் மருமகளும் பெரியவளும் சின்னவனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய், அதுவும் போன புதன்கிழமை பேசின மாதிரி பேசினால் எனக்குச் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது. பக்கத்து பேட்டரிக் கடைக்காரரின் மகள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலமும் வரும், அதைக் கடிதம் படித்து முடித்த பிறகு பிரி, முன்னாலேயே பிரித்துவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். வண்டி விஷயமாக அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாயே, அதற்கு முன்பே உன் கைக்கு வந்து சேர்ந்துவிடும்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. முப்பது வருஷமாகக் கார்களுக்குள் மண்டியிட்டு சீட்டைக் கழற்றி மாட்டினவருக்கு முட்டி வலிக்காமல் வேறு எது வலிக்கும். டாக்டர் மண்டி போடாதீர்கள் என்றார், இவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் ஒரு வேனுக்குள் போய் மண்டி போட்டார், கேட்டால் நான் ஒரு காலில்தான் மண்டி போட்டேன் என்கிறார். நம் சீட் கவர் கடை முகப்புத் தகரம் ஒழுகிக்கொண்டிருந்ததல்லவா, அதை மாற்றியாயிற்று, இப்போது மழை பெய்தால் வாளி வைக்க வேண்டியதில்லை, வாளி இல்லாமல் எனக்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. நீ போன மாதம் அனுப்பிய கண்ணாடி நன்றாக இருக்கிறது, ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன், மற்ற நேரத்தில் எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ இரண்டு பழைய எஸ்யூவிகளின் படங்களை அனுப்பினாய். ஒன்று சிவப்பு, ஐந்து சீட்டு. இன்னொன்று சாம்பல் நிறம், ஏழு சீட்டு, மூன்று வரிசை. இரண்டும் ஒரே விலை, உன் கையில் இருப்பதும் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு காசு இல்லை என்றாய். இதே விலைக்கு ஏழு சீட்டே கிடைக்கும்போது யாராவது ஐந்தை வாங்குவார்களா என்று நீ சந்தோஷப்பட்டாய், நான் சந்தேகப்பட்டேன். சாம்பல் வேண்டாம்டா என்றேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டார், இன்ஜின் நன்றாக இருக்கிறது, நீ போட்டோவைப் பார்த்து ஜோசியம் சொல்லாதேம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நீ சொன்னதில் தப்பில்லை. வேண்டாம் என்று சொன்னேனே தவிர ஏன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அதற்கு அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

மெக்கானிக்குக்கு இன்ஜின் தெரியும், எனக்கு சீட்டு தெரியும். எவ்வளவு வண்டிகளின் சீட்டைப் பிரித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. டிரைவர் சீட்டின் ஓரம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தாலே வண்டி எவ்வளவு ஓடியிருக்கும் என்று சொல்லிவிடுவேன், மீட்டரில் இருக்கிற எண்ணைவிட அந்த ஃபோம் உண்மை பேசும். நடு வரிசையில் பிஸ்கட் தூள் இருக்கும், பேனா மூடி இருக்கும், குழந்தை வாந்தி எடுத்த கறை இருக்கும். ஆனால் மூன்றாவது வரிசை இருக்கிறதே, அது எப்போதும் புதுசாகவே இருக்கும். பத்து வண்டியில் எட்டில் அப்படித்தான். விருந்தாளி வருவார்கள், ஊரே சேர்ந்து போகலாம் என்று ஆசை ஆசையாக ஏழு சீட்டு வாங்குவார்கள், அப்புறம் அந்த வரிசையை மடித்துப்போட்டு மூட்டையும் சைக்கிளும் ஏற்றுவார்கள். கவர் மாற்ற வருகிறவர்கள் முன் இரண்டு வரிசைக்குத்தான் மாற்றுவார்கள், பின்னால் இருப்பது நல்லாத்தானே இருக்கு விட்டுடுங்க என்பார்கள். மூன்றாவது வரிசைக்கு யாரும் கவர் மாற்றுவதில்லை. நீ அனுப்பிய சாம்பல் வண்டியில் மூன்று வரிசைக்கும் புதுக் கவர், தரை விரிப்பும் புதுசு. உட்காராத சீட்டுக்கு ஒருவன் செலவு செய்கிறான் என்றால் அங்கே மறைக்க ஏதோ இருக்கிறது. என் கணக்குப்படி அந்த வண்டி வெள்ளத் தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே ஒருமுறை அப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நமக்கு நிறைய வேலை கொடுத்துக்கொண்டிருந்தாரே ஒரு பழைய கார் தரகர், எதற்கெடுத்தாலும் சிரிப்பார், நீகூட அவரைச் சிரிப்புத் தரகர் என்பாய், அவர்தான். ஒருநாள் ஒரு ஏழு சீட்டு வண்டியைக் கொண்டுவந்து விட்டு மூன்று வரிசைக்கும் கவர் போடுங்கள் என்றார். கடைசி வரிசை புதுசாகத்தானே இருக்கு என்று கேட்டேன். சிரித்தார். அப்பா சீட்டைக் கழற்றினதும் எனக்கு அந்த வாடை வந்துவிட்டது, ஈரச் சாக்கை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. சீட்டுக்கு அடியில் திருகாணியெல்லாம் துரு, பெல்ட்டை முழுசாக இழுத்தால் அடியில் சேறு கோடு போட்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்து இது வேண்டாம் என்று அப்போதே சொன்னார். நான்தான், நாம் தைக்காவிட்டால் அடுத்த கடையில் தைக்கப்போகிறார்கள், நமக்கென்ன, துணி தைப்பதுதானே நம் வேலை என்று சப்பைக்கட்டு கட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை என் கையால் நன்றாகவே செய்தேன், இரட்டைத் தையல் போட்டு, ஒவ்வொரு கவரின் ஓரத்திலும் வழக்கம்போல நம் கடை லேபிளையும் வைத்துத் தைத்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு நர்ஸ் கடைக்கு வந்தாள், டியூட்டி உடுப்போடே வந்தாள். அந்த வண்டியை அவள்தான் வாங்கியிருந்தாள். நல்ல மழையில் நடுப்பாலத்தில் வண்டி நின்றுபோயிருக்கிறது, என்ன என்று பார்க்க இறங்கியிருக்கிறாள், கதவு நாலும் தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது, வயரெல்லாம் உள்ளே அரித்துப்போயிருந்ததாம். மூன்று வயதுக் குழந்தை உள்ளே, இவள் வெளியே. யாரோ வந்து கண்ணாடியை உடைத்துக் குழந்தையை எடுக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நீ பதறியிருப்பாய். தரகர் போனை எடுக்கவில்லை, கவரில் இருந்த லேபிளைப் பார்த்து அந்த விலாசத்துக்கு வந்திருக்கிறாள். அவள் சத்தம் போடவில்லை. அக்கா, இதைத் தைக்கும்போது உங்களுக்கு வாடை வரலையா என்று மட்டும் கேட்டாள். அப்போ எனக்குச் சளி பிடிச்சிருந்ததும்மா என்று சொன்னேன். அவள் போய்விட்டாள். என் வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன், அந்தப் பொய் மாதிரி எதுவும் என்னை அறுத்ததில்லை.

அன்றைக்கே தரகரின் வேலை இனி வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வருஷம்தான் உன்னைக் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுப்ப முடியவில்லை. வருகிற வேலையை வீம்புக்குத் திருப்பி அனுப்புகிறார் என்று நீ அப்பாவோடு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். நானும் மூடிக்கொண்டிருந்தேன், அது அதைவிடப் பெரிய தப்பு. கோபப்படுவதானால் இப்போது என்மேல் கோபப்படு, அப்பாவிடம் மட்டும் அடுத்த முறை போனில் கொஞ்சம் நன்றாகப் பேசு, எதற்கு என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

என் பேச்சை நம்பாவிட்டாலும் உன் கையை நம்பு. அந்த சாம்பல் வண்டியைப் பார்க்க இன்னொரு முறை போ. பின்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்து அடிப்பகுதியைப் பார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவு, விரலில் துரு ஒட்டுகிறதா பார். புது விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்து பார், வண்டிக்குள் வாசனைத் திரவியம் தொங்கவிட்டிருந்தால் அதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் உள்ளே உட்கார். விற்கிறவன் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடு. எல்லாம் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால் அம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சிரித்துக்கொள், எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. எந்த வண்டியானாலும் கையில் இருப்பதை முழுசாகக் கொட்டிவிடாதே, டயருக்கும் பேட்டரிக்கும் கொஞ்சம் ஒதுக்கி வை, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக் கூடாது. எனக்கென்னவோ அந்த சிவப்பு வண்டி பிடித்திருக்கிறது. அதன் பின்சீட்டில் யாரோ ஒரு குழந்தை நீலப் பேனாவால் சூரியன் வரைந்திருக்கிறது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதை மறைக்காமல் அப்படியே படம் எடுத்து அனுப்பியிருக்கிறான் பார், விற்கிறவன் வேறு எதையும் மறைக்கமாட்டான் என்று தோன்றுகிறது. இருந்தாலும் அதிலேயும் பெல்ட்டை இழுத்துப் பார்.

நீ ஏன் ஏழு சீட்டு என்று பிடிவாதம் பிடிக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன தடவை நான் வந்தபோது உன் சின்னக் காரில் குழந்தைகளின் சீட்டு இரண்டையும் மாட்டினதும் எனக்கு இடமில்லாமல் போயிற்று, நான் வாடகைக் காரில் உங்கள் பின்னாலேயே வந்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நீ கண்ணாடியில் திரும்பத் திரும்ப என் காரைப் பார்த்தாய். நான் கவனித்தேன், அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மூன்றாவது வரிசை. உன் மனசு தங்கம்தான், ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள், கடையைப் பூட்ட முடியாமல் நானும் அப்பாவும் மாறி மாறித்தான் வருகிறோம், இரண்டு பேரும் சேர்ந்து வந்ததே இல்லை. உனக்குத் தேவை இரண்டு சீட்டு இல்லை, ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்று சிவப்பு வண்டியில் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, அளந்துவிட்டுச் சொல்கிறேன். அதே மாடல் வண்டியைத்தான் நம் தெருப் பல் டாக்டரம்மா வைத்திருக்கிறார், கதவுக் கைப்பிடித் துணி கிழிந்ததென்று நேற்று கடையில் விட்டுப் போனார், உள்ளே குழந்தை சீட்டு இரண்டும் மாட்டியபடியே இருந்தன. அப்பா டேப்பைப் பிடித்தார், நான் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு அங்குலம் என்றும் என் அகலம் எவ்வளவு என்றும் எழுதமாட்டேன், மருமகள் படிப்பாள். உட்கார்ந்துவிட்டேன். இறங்கத்தான் அப்பா கை கொடுக்க வேண்டியிருந்தது, உன்னை அனுப்பினா இழுக்க ஒரு ஆளையும் கூடவே அனுப்பணும் போலிருக்கே என்றார். இந்தப் பக்கம் பெரியவள், அந்தப் பக்கம் சின்னவன், கொஞ்சம் ஒட்டித்தான் உட்கார வேண்டும். ஒட்டி உட்காரத்தானே அவ்வளவு தூரம் வருகிறேன். மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்து உங்கள் நாலு பேரின் பிடரியைப் பார்க்கவா வருகிறேன்.

நடு இடத்தில் ஒரு மேடு இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடிக்கிறது. அதற்குத் தகுந்த மாதிரி பள்ளம் விட்டு ஒரு சின்ன மெத்தை தைத்திருக்கிறேன், பொட்டலத்தில் இருப்பது அதுதான். சாம்பல் வண்டிக்கு அது பொருந்தாது. நான் வரும்வரைக்கும் அதன்மேல் யாரையும் உட்காரவிடாதே, சின்னவன் பொம்மையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

குழந்தைகளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே. நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் நல்லபடியாக அமையட்டும், உன் பிள்ளைகள் உனக்கு நிழலாக இருக்கட்டும். பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுத்துப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா

அந்த நர்ஸ் வந்து போன நாளிலிருந்து நான் எந்தக் கவரிலும் நம் கடை லேபிளை வைத்துத் தைத்ததில்லை. லேபிள் பெட்டி அலமாரியிலேயே கிடந்தது. உன் மெத்தையின் அடியில் ஒன்று வைத்துத் தைத்திருக்கிறேன், திருப்பிப் பார்.