மீதி ஒரு நிமிடம்

ஓஹாயோ, அக்டோபர் 4

அன்புள்ள டெல்ஃபின்,

நலம்தானே? உன் ஆப்பிள் பை பாத்திரத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். எடுக்க வராதது ஒரு கோபம். பெரிய கோபம் உன் வகுப்பின் மேல்.

ஏற்றத்தாழ்வைப் புரியவைக்கிறேன் என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "வீட்ல அப்பா இருக்கிறவங்க ஒரு அடி முன்னால வாங்க" என்றாயாமே? ஹேலியின் அப்பா டாம் போதையை விடுவதற்கான விடுதிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அசையாமல் நின்றிருக்கிறாள். "எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கம்மா" என்று அழுது தீர்த்துவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குடும்பத்தைச் சந்திக்கு இழுப்பதற்குப் பெயர் பாடமா? சீ! குமட்டுகிறது எனக்கு.

செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழுவின் பொதுக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

உன் மாரீன்

அக்டோபர் 6

அன்பு மாரீன்,

ஹேலியிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கேள்விகள் இருந்த தாள் மேலிடம் அனுப்பியது. ஆனாலும் வாசித்தது என் வாய்தானே.

கடைசியில் சுவரோரம் தனியாக நின்றது யார் என்று ஹேலி சொன்னாளா? என் ஜோஸ்லின். "கடைக்குப் போனா காவலாளி யார் பின்னால சந்தேகப்பட்டு வரமாட்டாரோ அவங்க முன்னால வாங்க" என்று நானே வாசித்தேன். வகுப்பில் கறுப்புப் பிள்ளை அவள் ஒருத்திதான். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எனக்குத்தான் இது தெரியுமேம்மா. அவங்களுக்குச் சொல்லிக்குடுக்க என்னை ஏன் நிக்க வெச்ச?" என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்துவிட்டது.

போய்ப் பேசுடி. அந்தத் தாளை நிறுத்தச் சொல். நானும் பின்வரிசையில் இருப்பேன்.

டெல்ஃபின்

அக்டோபர் 13

அன்புள்ள டெல்ஃபின்,

ஜெயித்துவிட்டோம்! அந்தத் தாளை நிறுத்திவிட்டார்கள். நீ ஏன் பாதியில் எழுந்து போனாய்? ஃபோனையும் எடுக்கவில்லை.

என் பக்கத்து வீட்டு க்ளிண்ட் பேசியதாலா? எனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் இரண்டிலேயே முடித்துவிட்டேன். "மீதி நேரத்த எனக்குக் குடும்மா" என்றார். டாமை விடுதிக்குக் காரில் கூட்டிப்போனவர், எப்படி மறுப்பது? அவர் வாய் அப்படித்தான். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்லினோடு வா.

மாரீன்

அக்டோபர் 17

மாரீன்,

நீ பேசிய இரண்டு நிமிடம் முடிந்ததும் நான்தான் முதலில் கைதட்டினேன். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம்.

மூன்றாவது நிமிடத்தில் அவன் சொன்னது இது: "அந்தக் கறுப்பு டீச்சர் வந்த நாள்லேருந்து நம்ம பிள்ளைங்க கெட்டுப்போச்சு. அவ ஆளுங்க இருக்கிற ஊருக்கே போய்த் தொலையட்டும்." நீயும் நானும் இதே ஊரில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஜோஸ்லின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். வாயைக் கையால் பொத்திக்கொண்டாய், பார்த்தேன். ஆனால் கொடுத்த நேரத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மணி அடிக்கும்வரை அது உன் நிமிடம். "போதும், நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் கதவருகில் நின்று காத்திருந்தேன். மணி அடித்தது. நீ உட்கார்ந்துவிட்டாய்.

ஹேலியிடம் வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நல்ல பிள்ளை, என்னைக் கட்டிக்கொண்டாள்.

பாத்திரத்தை நீயே வைத்துக்கொள்.

டெல்ஃபின்