ராசியான வீடு

நவம்பர் 16, ஞாயிறு இரவு

மோட்கேஜை, அதாவது வீட்டுக் கடனை, புதுப்பித்ததில் மாதக் கட்டணம் எகிறிவிட்டது. மில்லிக்கன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் மேல்தளத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் நிலத்தடித் தளமான பேஸ்மென்டுக்கு இறங்கி ஒரு மாதமாகிறது. உறவுக்காரருக்குச் சொன்ன காரணம், படியேற முடியாத என் முழங்கால். பேஸ்மென்டுக்கும் படி உண்டே என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே போய்த் தங்களுக்குள் கேட்டிருப்பார்கள்.

இன்று மேலே வாடகைக்கு இருக்கும் சுகந்தி கேசரியோடு வந்தாள். கணவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம்.

"உங்கட வீடு நல்ல ராசி, அண்ணை. வந்த உடனேயே பலன்."

"ராசிக்கும் முழங்கால் வருத்தம், பிள்ளை. எங்களிட்டக் கீழ இறங்குதில்லை" என்றேன்.

சிரித்தாள். "இனி பாங்கில எங்களுக்கும் மோட்கேஜ் தருவினம். வீடு பாக்கப்போறம். இதை விக்கிற எண்ணமிருந்தா முதல் எங்களுக்குச் சொல்லுங்கோ."

வாடகையும் போகப்போகிறது. கேசரி மட்டும் இனித்தது.

அவள் போனபின், படுக்கையில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "என்ன விலை குடுப்பினம்?"

பகிடியாகத்தான், "கேட்டுப் பாக்கட்டோ?" என்றேன்.

"நாளைக்குக் கேளுங்கோப்பா" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.