மேயருக்குக் கொண்டுபோன பொன்னாடை

9 நவம்பர் 1998, திங்கள்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஜனவரியில் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் சட்டசபை கூடுகிறது. அங்கே நம் நகரம் எதையெல்லாம் வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்று இன்று சிட்டி கவுன்சிலில் பொதுமக்களிடம் கேட்டார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் ஓடுவது மாநிலச் சாலை. குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு அதைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அங்கே சிக்னல் போட நகரத்துக்கு அதிகாரமில்லையாம். அந்த அதிகாரத்தைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் போனேன்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுச் சண்முகம் அங்கிள் கையில் ஒரு பை.

"ஒண்ணு கேக்கப் போறோம், வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

நான் பேசி முடித்ததுதான் தாமதம், பையிலிருந்த ஜரிகைப் பொன்னாடையை உதறி விரித்துக்கொண்டு நேராக மேயரை நோக்கி நடந்தார். நகர வக்கீல் பதறி எழுந்து, பரிசெல்லாம் வாங்கக்கூடாது என்று தடுத்தார்.

"கிஃப்ட் இல்லீங்க, மரியாதை!" என்றார் அங்கிள், தமிழிலேயே. நான் மொழிபெயர்த்ததும் சபையே சிரித்தது.

மேயரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சிக்னல் வரட்டும். அன்றைக்கு அந்தக் கம்பத்துக்குப் போர்த்துங்கள்" என்றார். எங்கள் கோரிக்கையும் பட்டியலில் ஏறிவிட்டது.

"பத்திரமா வச்சுக்கம்மா, நீதான் போர்த்தணும்" என்று அங்கிள் பொன்னாடையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் வைக்கப் போனேன். விசா நீட்டிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை; கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். பெட்டியை மூடிவிட்டு, பொன்னாடையை அலமாரியில் ஹேங்கரில் மாட்டினேன்.