ஆளற்ற வயலின் படம்

வில்மோர்,
1861, ஆகஸ்ட் இறுதி ஞாயிறு.

என் நெஞ்சுக்கு இனிய கணவர் உர்சேன் அவர்களுக்கு, சொலாஞ்ச் வணங்கி எழுதுவது. நானும் மகள் அதேலும் நலம். பாரிசில் நீங்கள் ஏறி நின்று கல் அடுக்கும் சாரம் உறுதியாய் நிற்கட்டும் என்பதே எங்கள் அன்றாட வேண்டுதல்.

பண்ணையார் கோத்ரியின் பெருவயலில் கோதுமை அறுவடை முடிந்தது. கடைசிக் கட்டு வண்டியேறிய பின்னரன்றோ நம்மைப் போன்ற எளியோர் உதிர்ந்த கதிரைப் பொறுக்க இறங்கலாம்? இம்முறை வண்டியே வரவில்லை. பாரிசிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், தாம் வரைந்து முடிக்கும்வரை கட்டுகளை அசைக்க வேண்டாமெனக் கேட்டாராம். பண்ணையாரும் பெருமை பொங்க இசைந்தாராம். மேற்கிலோ கார்முகில் திரண்டது. மழை விழுந்தால் தரையில் கிடக்கும் மணி முளைத்துவிடும். குளிர்காலத்து ரொட்டி மண்ணோடு மண்ணாகும். அழகு காத்திருக்கும், பசி காத்திருக்குமா?

நாங்கள் பூசலிடவில்லை; தினமும் வயலோரம் வந்து காத்து நின்றோம். ஒருநாள் ஓவியரின் பார்வைக்கு நேரெதிரே, முதுகு காட்டி வரிசையாய் அமர்ந்தோம்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், வயலே தெரியல" என்றார்.

அடுத்த வீட்டுப் பெரின் திரும்பாமலே, "எங்களுக்கு நல்லாத் தெரியுது ராசா, கால்தான் வைக்க முடியல. உங்க படத்த மாவாக்கித் தின்ன முடியுமா?" என்றாள்.

அவர் தூரிகையோடு எங்கள் முன்னால் வந்து நின்றார். ஊர் வழக்கத்தை நான் எடுத்துரைத்தேன்.

"அடக் கடவுளே! நீங்கல்லாம் தினமும் படம் பாக்க வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றவர், தூரிகையைக் கழுவாமலே பண்ணை வீட்டுக்கு விரைந்தார்.

அன்று மாலைக்குள் வண்டிகள் வந்தன. கடைசிக் கட்டு ஏறியதும் இறங்கினோம், இருட்டும்வரை பொறுக்கினோம். மறுநாள் விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டது. தரையில் எஞ்சிய மணிகள் முளைவிட்டன.

படத்தின் மீதியை நினைவிலிருந்தே தீட்டி முடிப்பதாகச் சொல்லி ஓவியர் புறப்பட்டுவிட்டார். அப்படம் அங்கே பாரிசில் கண்காட்சிக்கு வருமாம். பொன்னிறக் கட்டுகளும் ஆளற்ற வயலுமாய் ஒன்றைக் கண்டால், அங்கு எவருமில்லை என நம்பிவிடாதீர்கள். அதன் விளிம்புக்கு வெளியே உங்கள் மகள் கோணிப்பையோடு நின்றாள்.

ஒரு வேண்டுகோள். உறைபனி தொடங்கியதும் ஊர் திரும்புவது கொத்தர்களின் வழக்கம், அறிவேன். இவ்வாண்டு அங்கேயே உள்வேலை கிடைக்குமானால் தங்கிவிடுங்கள். சேர்ந்த மாவு, சிக்கனமாய்ப் பிசைந்தால், இருவருக்கு மட்டுமே இளவேனில் வரை வரும். அதேல் பாதையைப் பார்த்தபடி இருப்பாள். அவளை நான் தேற்றிக்கொள்வேன்.

உங்கள் கையும் காலும் காக்கப்படட்டும். கழுத்துத் துணியை மறவாது சுற்றிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
சொலாஞ்ச்