அண்ணன் வண்டிக்கு என்ன விலை

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அண்ணனுடைய எஸ்யூவிக்கு நீங்கள் சொன்னது அடிமாட்டு விலை என்று ராத்திரி சண்டை போட்டேன் அல்லவா? காலையில் அவரே போன் செய்தார்.

"இஞ்சினும் கியர்பாக்ஸும் மாத்தணும், தங்கச்சி. மார்க்கெட் விலையில அந்தச் செலவைக் கழிச்சிட்டு மிச்சத்தைக் கொடுங்க போதும். கூட வாங்கினா மாப்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. இனி யாரும் யாரிடமும் பேரம் பேச வேண்டாம்.

மதியம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். சாப்பாடு அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் அனுப்பிவிடாதீர்கள்.

பின்குறிப்பு: கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் கேட்பது நீங்கள் சொன்னதைவிடக் குறைவு. நீங்கள் சொன்னதையே கொடுத்துவிடுங்கள். நான் சண்டை போட்டது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.