ஃபோர்மேன் வரமாட்டேன் என்கிறான்

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் மூக்குக்கண்ணாடி தேவைப்படாது என்று நம்பி எழுதுகிறேன். தேவைப்பட்டால் உன் தலைமேல்தான் இருக்கும், தொட்டுப் பார்.

கல்லறைத் திருநாளுக்கு நம் பங்கில் ஒரு சின்ன மலர் போடுகிறார்கள். வீட்டில் இறந்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சாமியார் பூசையில் அறிவித்தார். எல்லோரும் நல்லவிதமாக எழுதுவார்கள். எனக்கு உன்னிடம் சொல்ல ஒரு புகார்தான் இருக்கிறது. புகார் என்றதும் யாரைப் பற்றி என்று உனக்குத் தெரிந்திருக்கும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபோர்மேன் என்பது என் மனைவி ஸ்டெல்லா வளர்த்த பூனை.

முதலில் மற்ற சேதிகள். நான் ரிடையர் ஆகிவிட்டேன். மாலை போட்டார்கள், ஸ்வீட் காரம் கொடுத்தார்கள், என்னைப் பற்றி எனக்கே தெரியாத நல்ல குணங்களையெல்லாம் பேசினார்கள். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு திருமுல்லைவாயிலில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்ன போர்ஷன் எடுத்திருக்கிறேன். தண்ணீர் நன்றாக வருகிறது. ஓசூரிலிருந்து ஷீலா தினமும் போன் செய்கிறாள். அவள் குழந்தை இப்போது என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறது. உன் போட்டோவைக் காட்டி யார் என்று கேட்டால் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதாம்.

இதெல்லாம் சரி, அவன் சாப்பிட்டானா என்றுதான் நீ கேட்பாய். சொல்கிறேன், இரு.

குமணன்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, யாரோ வாயைக் கட்டி ஓரமாகப் போட்டுவிட்டுப் போன சாக்கு அசைந்தது என்று பிரித்துப் பார்த்தாயே, அன்றைக்கே ஆரம்பித்தது. நீ அதற்கு முன் ஒரு செடிகூட வளர்த்தவள் இல்லை. உள்ளே இருந்தவனைத் துப்பட்டாவில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். உன் கை முழுக்கக் கீறல். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், ரெண்டு நாள்தான் என்றாய். அந்த ரெண்டு நாள் ஏழு வருஷம் ஓடியது.

பெயர் வைத்ததும் நீதான். நான் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு வேலை செய்தால் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஒரு வேலையும் செய்யமாட்டான், எழுந்தும் போகமாட்டான், நடுநடுவே அதட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுப்பான். உன்னை அதட்ட ஃபேக்டரியில் ஒரு ஃபோர்மேன், வீட்டில் ஒரு ஃபோர்மேன் என்று நீ சிரித்தாய். பக்கத்து வீட்டு லட்சுமியிடமும் சொல்லிச் சிரித்தாய். பிளாக் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

அவன் என்னைக் கடித்த கதையை எழுதினால் மலரில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. ஃபேக்டரியில் கொடுத்த இரும்பு வைத்த ஷூவில் அவன் மூத்திரம் போனதும், நான் அதை மோந்து பார்க்காமல் மாட்டிக்கொண்டு போனதும், கூட வேலை பார்க்கிற மூர்த்தி அன்று முழுக்க என்னிடமிருந்து தள்ளியே நின்று பேசியதும் உனக்குத் தெரியும். உன்னிடம் வந்து கத்தினால் உன் பதில் எப்போதும் ஒன்றுதான். "நீ இன்னா பண்ண அவன?" ஒரு நாளாவது என் பக்கம் பேசியிருக்கிறாயா ஸ்டெல்லா? கட்டிலில் உனக்கும் எனக்கும் நடுவில் படுத்துக்கொள்வான். நான் புரண்டால் உறுமுவான். தள்ளிப் படு, அவனுக்கு இடம் பத்தலை என்று தூக்கத்திலேயே என்னைச் சொல்வாய்.

உன்னிடம் மட்டும் அவன் வேறு ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து உன் கம்பெனி வேன் சாயங்காலம் தெருமுனையில் நிற்கும். அது வருவதற்கு முன்பே போய் வாசல் படியில் உட்கார்ந்திருப்பான். நீ இறங்கினதும் வாலைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வரைக்கும் வருவான். டிபன் பையைக்கூட இறக்காமல் அங்கேயே நின்று அவனோடு பேசுவாய். உள்ளே டீ போட்டு வைத்துவிட்டு நான் காத்திருப்பேன். டீ ஆறிப்போகும்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, எல்லா நாளும் போல அதே வேனில் ஏறினாய். தலை வலிக்குது என்று மட்டும் சொன்னாய். மத்தியானம் கம்பெனியில் மயங்கி விழுந்தாய் என்று போன் வந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அதற்குப் பிறகு நீ கண் திறக்கவே இல்லை.

அதன் பிறகு நானும் அவனும்தான். ஒரே வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான். நெத்திலியை வேக வைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து வைப்பேன். நான் அந்த இடத்தை விட்டுப் போன பிறகுதான் வாய் வைப்பான். கடிப்பதும் நிற்கவில்லை. கட்டிலில் உன் இடத்தில் படுத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் கையை நீட்டினால் ஒரே போடு. நான் இருக்கிற நிலையில் இவன் வேறா என்று அழுகையும் கோபமுமாக வரும்.

ஆனால் சாயங்காலம் ஆனால் வாசல் படிக்குப் போய்விடுவான். வேன் இப்போதும் வருகிறது. மற்ற பெண்கள் இறங்குகிறார்கள். கடைசிப் பெண் தெருவைத் தாண்டிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பான். என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அவன்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டைக் காலி செய்கிற நேரம் வந்தபோது ஷீலா, அவனை அங்கேயே விட்டுவிடுப்பா, குவார்ட்டர்ஸ் பூனைதானே, யாராவது சோறு வைப்பார்கள் என்றாள். அவள் என் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்துச் சொன்னாள், தப்பில்லை. ஆனால் அந்த பிளாக் பழசாகிவிட்டது, இடிக்கப் போகிறார்கள். பாதி வீடுகள் ஏற்கெனவே காலி. மழைக்காலம் முடிந்ததும் லட்சுமி வீடும் காலி செய்கிறார்கள். இடிக்கப் போகிற வீட்டு வாசலில் உனக்காக ஒருத்தன் காத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் திருமுல்லைவாயிலில் போய் எப்படித் தூங்குவது?

சாமான் ஏற்ற மூர்த்தி குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். ஃபோர்மேனை எப்படித் தூக்கிப் போவது என்று முழித்துக்கொண்டு நின்றேன். "சாக்குல போட்டு வாய கட்டுண்ணா. வழிய பாத்துதுன்னா திரும்பி வந்துடும்" என்றான். ஃபேக்டரி கேன்டீனில் பூனைகள் பெருகிப் போனால் அப்படித்தான் பிடித்துக்கொண்டு போய் விடுவார்கள். இந்தப் பக்கத்தில் பூனையை இடம் மாற்ற வேறு வழி யாருக்கும் தெரியாது. காலி அரிசிச் சாக்கு கையில் இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கிப் போட்டுக் கட்டினோம்.

கத்துவான், கிழிப்பான் என்று நினைத்தேன். சத்தமே இல்லை. சாக்குக்குள் சுருண்டு கிடந்தான். என் மடியில் சாக்கு நனைந்தது. பயத்தில் மூத்திரம் போய்விட்டான். திருமுல்லைவாயில் நெருங்கும்போதுதான் எனக்குக் குமணன்சாவடி ஞாபகம் வந்தது. எந்தச் சாக்கிலிருந்து நீ அவனை எடுத்தாயோ அதிலேயே நான் திருப்பிப் போட்டிருக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே பிரித்திருக்க வேண்டும். இன்னும் ரெண்டே தெரு என்று விட்டுவிட்டேன்.

மாடியில் கொண்டுபோய்ப் பிரித்தேன். கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை. தண்ணீர் எடுத்து வரத் திரும்பினேன். அதற்குள் மொட்டைமாடிச் சுவரேறிக் குதித்துப் போய்விட்டான்.

தெருத்தெருவாகத் தேடினேன் ஸ்டெல்லா. அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போனால், தொலைந்து போனது ஆள் என்று நினைத்து என்ன வயசு, என்ன சட்டை என்று கேட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டி நடந்து பார்த்தேன். ஒவ்வொரு ரயில் போன பிறகும் குனிந்து பார்ப்பேன். உன் துணிமணியை ஷீலா எடுத்துக்கொண்டாள், உன் தையல் மிஷினைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. உன்னுடையது என்று உயிரோடு இருந்தது அவன் ஒருத்தன்தான். அவனையும் விட்டுவிட்டேன் என்று உன்னிடம் எந்த முகத்தோடு வந்து சொல்வது?

அந்த வாரக் கடைசியில் லட்சுமி போன் செய்தாள். "அண்ணா, உங்க பூன இங்க கீது. கதவாண்ட குந்திகினு கீது. சோறு வச்சா தொடமாட்டேங்குது."

அடுத்த ரயிலைப் பிடித்தேன். நம் கதவில் குவார்ட்டர்ஸ் ஆபீஸ் போட்ட பூட்டு தொங்கியது. படியெல்லாம் சருகு. அதன் நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாக இளைத்து, ஒரு காது கிழிந்து. ஆவடி வரைக்கும் எப்படி வந்தான், எந்த வழியாக வந்தான், கடவுளுக்குத்தான் தெரியும். வா என்று கையை நீட்டினேன். கடித்தான். அந்தக் கடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்.

இவ்வளவு நாள் ஆகியும் இன்னும் எதற்கு இங்கேயே வந்து உட்காருகிறான் என்று லட்சுமியிடம் அலுத்துக்கொண்டேன். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அதுக்கு எப்டிண்ணா தெரியும்? அக்கா காலைல வேலைக்கு போனத பாத்துது, அவ்ளோதான். பெட்டி வந்தப்ப நாந்தான் அத புட்ச்சி எங்க ஊட்டு பாத்ரூம்ல போட்டு மூடிட்டேன். செத்தவங்கள பூன தாண்டக்கூடாதுன்னு சொல்வாங்கல்ல, அதான். எல்லாம் முடிஞ்சப்பறம்தான் தொறந்து உட்டேன்."

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஊரே வந்து உன் முகத்தைப் பார்த்தது. உன் கம்பெனிப் பெண்கள் வேனோடு வந்து வரிசையாக நின்று பார்த்தார்கள். ஷீலா உன் நெற்றியில் முத்தம் வைத்தாள். மூடி போடுவதற்கு முன்னால், முகம் பார்க்காதவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று நான்தான் தலையாட்டினேன்.

லட்சுமி உள்ளே போன பிறகு, அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். அதுவரைக்கும் நான் யாரிடமும் வாய்விட்டு அதைச் சொன்னதில்லை. விசாரிக்கிறவர்களுக்கு ஷீலா சொல்வாள், மூர்த்தி சொல்வான், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்குச் சொன்னேன்.

"அவ வரமாட்டாடா."

என்னை ஒரு பார்வை பார்த்தான். உறுமவில்லை. அப்போது தெருமுனையில் வேன் வந்து நின்றது. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசிப் பெண் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, நானும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இப்போது தினமும் மத்தியான ரயிலில் போகிறேன். நெத்திலிச் சோறு வைக்கிறேன். நான் எழுந்து போகாமலே சாப்பிடப் பழகியிருக்கிறான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இருட்டும் நேரத்தில் எழுந்து, வாடா வீட்டுக்குப் போகலாம் என்பேன். தெருமுனை வரைக்கும் பின்னால் வருவான், பிறகு நின்று திரும்பிப் போய்விடுவான். லட்சுமி வீட்டு ஜன்னல் திண்டில் மழை படாத இடமாகப் பார்த்து ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டை இடிப்பதற்குள் இவன் மனசு மாற வேண்டும். அதுதான் என் கவலையெல்லாம்.

இனி அவனைச் சாக்கில் போடமாட்டேன், ஸ்டெல்லா. தூக்கிக்கொண்டும் வரமாட்டேன். அவன் காலால் அவன் நடந்து வரும்வரைக்கும், கதவு போய்ச் சுவர் மட்டும் நின்றாலும், சாயங்காலத்தில் அவனைத் தனியாக உட்கார விடமாட்டேன். இது சத்தியம். நீ வரமாட்டாய் என்று தினமும் அவனுக்குச் சொல்கிறேன். அவன் நம்புகிற அன்றைக்கு நானும் நம்பிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
ஷீலா அப்பா