குறுக்குக் காற்றில் ஒரு லேப்டாப்

மார்ச் 4

செர்பியாவின் வர்ஷாட்ஸ் நகரப் பெருமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் வீட்டின் ஒரே லேப்டாப், இன்று மாலை காப்பி வேளையில், பழைய இயங்குதளத்தைத் துறந்து புதியதற்கு முடிசூடிக்கொண்டது. விழாவை நடத்தி வைத்தவர் பதினாறு வயதுக் கணினி மருத்துவர் உரோஷ் அவர்கள். அதாவது நான்.

அம்மா கைதட்டவில்லை. "ஓடுமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓடுறதா? பறக்கும்."

பறந்துதான் ஆக வேண்டும். தையல் பட்டறையை மூடியதிலிருந்து அம்மாவுக்கு வேலை இல்லை. ஜெர்மன்காரர்களின் புகார்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டாள், கூப்பிட்டிருக்கிறார்கள். 25ஆம் தேதி வீடியோவில் நேர்காணல். பழைய இயங்குதளத்தில் அவர்களுடைய மென்பொருள் ஓடாதாம். அதற்காகத்தான் இந்த முடிசூட்டு.

மார்ச் 5

விசிறி இரைகிறது. பக்கவாட்டுத் துளைகளிலிருந்து வரும் காற்று அம்மாவின் மணிக்கட்டில் அடிக்கிறது.

எங்கள் ஊரில் யாரையும் பயமுறுத்தப் பேய் தேவையில்லை, குறுக்குக் காற்று போதும். பஸ்ஸில் எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து பாருங்கள், ஓட்டுநர் உட்படக் கத்துவார்கள். கழுத்து பிடிக்கும், காது அடைக்கும், சிறுநீரகம் கெடும்.

முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, இருக்கிறதிலேயே மோசம் லேப்டாப் காத்துதான். பெல்கிரேடுல ஒரு பொம்பளை, தினமும் இதிலேயே வேலை, கடைசியில வாய் கோணி காதுகிட்ட போயிடுச்சாம்."

"கடவுளே!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஊரே ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டு "அப்ரிலிலிலி!" என்று கூவுமே, அதெல்லாம் இதன் கால்தூசு பெறாது.

மார்ச் 6

விசிறி இரைச்சல் அமுங்கிவிட்டது. என் கைராசி அப்படி.

மார்ச் 8

மகளிர் தினம். அம்மாவுக்கு மிமோசாப் பூ ஒரு கொத்து வாங்கிக் கொடுத்தேன். லேப்டாப்பும் தன் பங்குக்கு ஒன்று கொடுத்தது. அம்மா ஜெர்மன் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியை வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்துபோனார். அம்புக்குறியும் அசையவில்லை.

மடிக்கணினி மடிந்துவிட்டது.

பொத்தானை அழுத்திப் பிடித்து உயிர்ப்பித்தேன். ஊர்ந்தது. மறுபடி மடிந்தது.

மார்ச் 11

தொடங்கும்போதே வந்து உட்காரும் நிரல்களையெல்லாம் துரத்தினேன். குப்பையைக் கொட்டினேன். "மேம்படுத்தியபின் சில நாள் மெதுவாக இருக்கும், பொறுத்திருங்கள்" என்று எவனோ இணையத்தில் எழுதியிருந்தான். பொறுத்தேன். காப்பி ஆறும் வரை ஒழுங்காக ஓடுகிறது. ஆறியதும் உறைகிறது.

இது மேம்பாடு இல்லை, பெரும்பாடு.

மார்ச் 14

மறுபடியும். எழுதக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 17

வகுப்பில் ரெல்யா பின்னாலிருந்து முதுகில் குத்தினான். "டேய் டாக்டர், நோயாளி இருக்காரா, போயிட்டாரா?"

"கோமா."

"திரையை ஓட்டுற டிரைவரைக் கழட்டிட்டுப் புதுசாப் போடுடா. எங்க அண்ணனுக்கு அதான் சரியாச்சு."

கழற்றினேன், போட்டேன். இப்போது அழகான நிறங்களில் உறைகிறது.

சாப்பிடும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "பழையபடியே மாத்திட முடியாதாடா?"

"மாத்தினா அவங்க மென்பொருள் ஓடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது? கொஞ்சம் சும்மா இரேன்!"

சும்மா இருந்தாள். சூப்பைக்கூடச் சத்தமில்லாமல் குடித்தாள். ஏன்டா கத்தினே? அவள் என்ன தப்பு செய்தாள்? ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 21

முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். சனியன், ஏறிக்கொண்டிருக்கும்போதே உறைந்தது. கண்ணெல்லாம் மணல். கணக்குத் தேர்வில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

லேப்டாப் கிடைக்காததால் அம்மா கண்ணாடி முன் நின்று ஜெர்மனில் பேசிப் பழகுகிறாள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்கிறாள். கண்ணாடி மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் நான் படுத்திருக்கிறேன். என்னிடம் சொல்வதுபோலவே இருக்கிறது.

மார்ச் 23

ஒன்று பிடிபட்டது. சமையலறையில் அடுப்புப் பக்கம் வைத்தால் சீக்கிரம் உறைகிறது. என் அறையின் குளிரில் தாமதமாக உறைகிறது. அடிவயிறு தோசைக்கல் மாதிரி சுடுகிறது. அப்படியானால் சூடுதான். ஆனால் ஏன் இப்படிச் சூடாகிறது? புது இயங்குதளத்துக்கு உழைப்பு அதிகம் போல. அதைத் திட்டித் தீர்த்தேன். வேறு யாரைத் திட்டுவது?

மார்ச் 25

காலையிலிருந்து கோஷவா, எங்கள் பக்கத்துக் குளிர்ந்த சூறைக்காற்று. வாசல் மணி தானாகவே அடித்துக்கொள்ளும் அளவுக்கு.

"அம்மா, மேசையை நடுவில போடறேன். ரெண்டு ஜன்னலையும் திறக்கணும்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"எதிரெதிர் ஜன்னல்டா. கோஷவாடா!"

"அப்பதான் லேப்டாப் தாங்கும்."

என்னையே பார்த்தாள். நான் விளையாடுகிறேனா என்று தேடிய பார்வை. பிறகு உள்ளே போய்க் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றி, அதன்மேல் சட்டைக் காலரை ஏற்றிப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். நானே போய்த் திறந்தேன். திரைச்சீலை கூரைவரை எழும்பியது.

நேர்காணல் முடியும்வரை அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை. நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து காகிதங்கள் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் ஒருமுறைகூட உறையவில்லை.

கோஷவாவைக் கட்டி வேலை வாங்கிய முதல் மனிதன் நான்!

மார்ச் 26

அம்மாவின் கழுத்து பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் திரும்பவே மாட்டேனென்கிறது. ரக்கியாவைச் சூடாக்கித் தேய்த்தேன். வீடு முழுவதும் பிளம் சாராய வாசனை.

மூன்றாம் மாடி தெசாங்கா அத்தை வந்தாள். "பெத்தவளை ரெண்டு ஜன்னலுக்கு நடுவில உக்கார வெச்சியாமே, நீயெல்லாம் மனுஷனா?"

அம்மாதான் பதில் சொன்னாள்: "அவன் இல்லேன்னா நேர்காணலே இல்லை தெசாங்கா. ராத்திரி பகலா உழைச்சான். டாக்டர்தான் போ."

தலையைக் குனிந்து அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன். அத்தை தன் லேப்டாப்பையும் காட்டக் கொண்டுவருகிறாளாம். பீஸ், அத்தை கையால் சுட்ட பாலாடைக்கட்டி புரெக் ஒரு தட்டு.

மார்ச் 28

நோயாளிக்குத் தூசி துடைத்தேன். பக்கவாட்டில் விரல் ஓட்டியபோது துளைகளே தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புத் துணிப்பட்டை. லேப்டாப்பின் அதே கறுப்பு. ஓரம் நூல் பிடித்தாற்போல வெட்டி, பிசிறில்லாமல் ஒட்டியிருக்கிறது. இருபது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்த கை.

"அம்மா, இது..."

"நான்தான் ஒட்டினேன். அன்னிக்கே ஒட்டிட்டேன். நீதானே சொன்னே, பெல்கிரேடுக்காரி வாய் கோணிடுச்சுன்னு? கோணின வாயோட போய் உக்காந்தா யாருடா வேலை குடுப்பா?"

"இதுக்கு மூச்சு விடணும்மா" என்று உரித்தேன்.

"அப்போ அந்தப் பொம்பளை?"

"அவங்களுக்கு... சரியாயிடுச்சாம்."

"அப்பாடா" என்றாள்.

பட்டை இல்லாமல் நாள் முழுக்க ஓடவிட்டேன், அடுப்புப் பக்கத்திலேயே. உறையவில்லை.

ஏப்ரல் 1

காப்பி போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "எடுத்துக்கிட்டாங்கடா. திங்கக்கிழமை சேரணும்."

சிரித்தேன். "அப்ரிலிலிலி" வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனை நீட்டினாள். அவர்கள் அனுப்பிய செய்தி அதில் இருந்தது. எனக்கு ஜெர்மன் பாதிதான் புரியும். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

"உன்னாலதான்" என்றாள்.

டாக்டராம். உள்ளே நான் தேடித் தேடி அழித்த எதுவும் கிருமி இல்லை. கிருமி காலை மாலை இதே சமையலறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

"அம்மா, பெல்கிரேடுல அப்படி ஒரு பொம்பளையே கிடையாது. நான் சும்மா சொன்னேன். நீ அதை நம்பி ஒட்டினதாலதான் அது உறைஞ்சுது."

கழுத்து திரும்பாததால் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினாள். கையில் காப்பிக் கிண்டி. நான் கூவப்போகிறேன் என்று காத்திருந்தாள். பால்கனிக்குக் கீழே எந்தப் பையனோ யாரையோ ஏமாற்றிவிட்டுக் கூவினான். நான் கூவவில்லை.

கிண்டியை அடுப்பில் வைத்தாள். ரக்கியா புட்டியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலரை விலக்கினாள்.

"தேய், டாக்டர்."